கிருபாவதியின் சாவாவர டப்பா

கிருபாவதிக்குப் பொய் சொல்ல வராது. இதை ஒரு நற்குணமாக அவள் வீட்டில் யாரும் எண்ணவில்லை. மாறுகண், திக்குவாய் மாதிரி பிறவியிலேயே வந்துவிட்ட குறை என்றுதான் எண்ணினார்கள். பெண் பார்க்க வந்த முதல் வரனின் அம்மா, "சமைக்கத் தெரியுமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். "குழம்பு சுமாரா வரும். ரசம் வராது" என்றாள் கிருபாவதி. வந்தவர்கள் கேக்கை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். இரண்டாவது வரன் வேலூர் ஆஸ்பத்திரியில் கணக்கர். "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று அவர் கேட்டதற்கு, "இன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டாள். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

சித்தூரில் மிஷன் கோயிலுக்குப் பின்சந்தில் அவர்கள் வீடு. கிருபாவதி இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்து, பஜார் தெருவில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் ஐந்து வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தாள். ஒரு எழுத்து தப்பினாலும் காகிதத்தை உருவி மறுபடி அடிக்கச் சொல்வாள். தொண்ணூற்று மூன்றில் ஊருக்குள் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டிட்யூட் முதலாளி பதினெட்டு டைப்ரைட்டர்களையும் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டு, 'நாடு முன்னேறுது' என்று அவளிடம் சொல்லி அனுப்பினார்.

நாடு முன்னேறியது உண்மைதான். ஊரில் பாதிப்பேர் குவைத்துக்கும் பெங்களூருக்கும் முன்னேறிப் போனார்கள். மீதிப்பேர் அவர்களோடு பேசுவதற்கு எஸ்.டி.டி. பூத் தேடி அலைந்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த அண்ணன் ஸ்டான்லி பணம் அனுப்ப, பஸ் ஸ்டாண்டு பக்கம் கிருபாவதியும் ஒரு மஞ்சள் போர்டு மாட்டினாள். லைன் கிடைக்க ஒரு மணி நேரம், சமயத்தில் இரண்டு மணி நேரம் ஆகும். காத்திருப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொண்ணூற்று நாலு கிறிஸ்துமஸுக்கு ஸ்டான்லி வந்தபோது, சோப்புக்கும் சென்டுக்கும் நடுவில் ஒரு டிவி கேம் மெஷினும், செங்கல்லில் பாதி அளவு ஒரு கறுப்பு டப்பாவும் இருந்தன. டப்பாவுக்கு ஒரு முனையில் வாய், மறு முனையில் நாக்கு. ஆட்டத்தின் கேசட்டை அதன் வாயில் செருகி, அதன் நாக்கை மெஷினில் செருக வேண்டும்.

"இன்னாண்ணா இது?"

"இத்த சொருவிட்டா ஆள் சாவவே மாட்டான்."

"எந்த ஆளு?"

"டீவில வர்ற ஆளு, பாப்பா. நீயும் நானும் சாவறது சாவறதுதான்."

அந்த ஆளுக்குச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி தலைக்கவசம். அதனால் ஊரில் பிற்பாடு அவனுக்குச் சட்டித்தலையன் என்று பெயர் வந்தது. ஓடுவான், குழி தாண்டுவான், எதிரே வரும் வௌவாலைக் கண்டால் குதிப்பான். மூன்று உயிர். குழியில் விழுந்தால் ஒன்று போயிற்று, வௌவால் தொட்டால் இன்னொன்று. 'ஒன்றைக் கழி' என்று ஆட்டம் சொல்கிற இடம் பார்த்து, 'கழிக்காதே' என்று மெஷின் காதில் ஓதுவதுதான் டப்பாவின் வேலை. எதை ஓத வேண்டும் என்பதை எட்டு எழுத்துச் சங்கேதமாக, 'கோடு' என்பார்கள், நாம் முதலில் அடித்துக் கொடுக்க வேண்டும். கூடவே வந்த புத்தகத்தில் நாற்பது பக்கத்துக்கு அந்த மாதிரிக் கோடுகள் இருந்தன.

ஸ்டான்லி மூன்று தடவை அடித்தான். முதல் தடவை சட்டித்தலையன் தலைகீழாக நடந்தான். இரண்டாம் தடவை டிவி முழுக்க கேழ்வரகு கொட்டியது போல் ஆயிற்று. மூன்றாம் தடவை ஒன்றுமே வரவில்லை. "ஏமாத்திட்டானுங்க" என்று அண்ணன் எழுந்துகொண்டான். கிருபாவதி உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்தாள். அவன் 'ஓ' அடிக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' அடித்திருந்தான். அவள் ஒரே தடவையில் சரியாக அடித்தாள். சட்டித்தலையன் குழியில் விழுந்தான், எழுந்தான். விழுந்தான், எழுந்தான். உயிர்க்கணக்கு மூன்றிலேயே நின்றது. ஐந்து வருஷம் விரல் தேய்ந்த வித்தைக்கு இப்படி ஒரு பிரயோஜனம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

அண்ணன் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு அவள் நாற்பது பக்கத்தையும் சோதித்தாள். ஒவ்வொரு கோடும் பத்துத் தடவை. சிலது பத்துக்குப் பத்து. சிலது டப்பா சூடாகும்வரை. சிலது கரண்டு நன்றாக வந்தால் மட்டும், அதாவது சித்தூரில் வேலை செய்யாது. நம்மூர் கேசட்டுகள் எல்லாம் காப்பிக்குக் காப்பி என்பதால் சில கோடுகள் இடம் தெரியாமல் வேறு எங்கோ போய் ஓதின. வௌவால்களுக்குச் சாவு இல்லாமல் போயிற்று. டப்பாவின் நாக்கு லேசாக ஆடினால் எல்லாமே அம்பேல். அதற்கு அவள் தீப்பெட்டி அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தாள். மொத்தத்தில் பத்துக்கு ஏழு என்று முடிவு கட்டினாள். யார் கேட்டாலும் அதையே சொன்னாள்.

மெஷினை பூத்தில் வைத்ததும் பெஞ்சு நிறைந்தது. ஆட்டத்துக்கு இரண்டு ரூபாய் என்று வைத்தாள். முதல் நாளே அதன் கோளாறு தெரிந்துவிட்டது. குவைத் போனுக்காகப் பத்து மணிக்கு வந்த ஒருத்தர் டப்பாவோடு உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்தால்தானே எழுந்திருக்க! லைன் கிடைத்து, அவர் பெண்டாட்டி குவைத்திலிருந்து 'அல்லோ அல்லோ' என்று கத்திக்கொண்டிருந்தாள். "இவன் செத்ததும் வரேன்னு சொல்லும்மா" என்றார் அவர். அந்தம்மா அங்கே யார் சாகக் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் முதல் அரை மணி நேரக் கணக்கு வந்தது.

தெலுங்குக்காரர்கள் அதை 'சீட்டிங் டப்பா' என்றார்கள். தமிழர்கள் கொஞ்சம் கௌரவமாக 'சாவாவரம்' என்றார்கள். கோயிலில் இது வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. கிருபாவதி பூத்தில் அரை மணிக்கு நித்திய ஜீவன் வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாரோ போதகரிடம் சொல்லிவிட்டார்கள். அது தம்முடைய இலாகா என்பதால் போதகர் நேரில் விசாரிக்க வந்தார். விசாரணை ஒன்றரை மணி நேரம் நடந்தது. சட்டித்தலையன் நூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்து எழுந்தான். கடைசியில் போதகர் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்தார்.

"நித்தியம் இருக்கும்மா. ஜீவன்தான் இல்ல" என்றார்.

கிருபாவதியும் அதைக் கவனித்திருந்தாள். டப்பா இல்லாமல் ஆடுபவன் திட்டிக்கொண்டே போய் மறுநாள் வருவான். டப்பாவோடு ஆடுபவன் முதல் அரை மணி நேரம் சிரிப்பான், இரண்டாவதில் அடுத்தவனிடம் பேசுவான், மூன்றாவதில் ஜன்னலைப் பார்ப்பான். ஆனால் எழுந்து போகும்போது, "டப்பா நாளைக்கு எனக்கு" என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் போவான். ஊரிலேயே டப்பாவைத் தொடாதவன் ஒருத்தன்தான். வேலூர் ரூட்டில் கண்டக்டராக இருந்த முரளி. "செத்து செத்துதான் கத்துக்கினேன், இப்ப போயி எதுக்கு?" என்பான். மூன்றே உயிரில் ஒன்பதாவது கட்டம்வரை போவான்.

தொண்ணூற்று ஆறில் கவுன்சிலர் கங்கையாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஐதராபாத்திலிருந்து ஒரு தொழிலதிபர் வருகிறார், எங்காவது ஃபேக்டரி கட்ட இடம் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, கல்யாண மண்டபத்தில் 'நவீன சாதனக் கண்காட்சி' ஏற்பாடு செய்தார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ் மெஷின், ஒரு வாஷிங் மெஷின். இவற்றோடு வீடியோ கேம் போட்டி. முரளியும் கவுன்சிலரும் மோதுவார்கள். சித்தூரில் தலைவர்களே நவீனமானவர்கள் என்று விருந்தாளி தெரிந்துகொள்ள வேண்டும்.

கவுன்சிலர் தம்முடைய தெலுங்கு கலந்த தமிழோடு பூத்துக்கு வந்தார்.

"ஏம்மா கிருபா, அந்த டப்பா ஒண்ணு ஏற்பாடு பண்ணும்மா. மேலே துணி போட்டு மூடிடலாம்."

"அது பத்துக்கு ஏழு தடவதான் சார் வேலை செய்யும்."

"பரவால்லேது. நா வார்டுல குழாயே பத்துக்கு ரெண்டுதான்."

"சாவாத கோடு மட்டும் போடறேன். அது கொஞ்சம் நம்பலாம்."

"குழில உழுந்தா?"

"உழுந்தா எழுந்துப்பான்."

"எழுந்துக்கினா உழுந்தது தெரியுமில்ல? உழவே கூடாது. அதுக்கு ஒரு கோடு இருக்குதாமே?"

இருந்தது. குழி ஆளை விழுங்காமல் தாங்கிக்கொள்ளும் கோடு. "ரெண்டையும் சேத்துப் போட்டா எப்படி நடந்துக்கும்னு சொல்ல முடியாது சார். நானே நாலு தடவதான் பாத்துருக்கேன். ஒரு தடவ மாட்டிக்கிச்சு" என்றாள். கவுன்சிலர் அந்த நாலில் மூன்றை மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

கண்காட்சி காலை பதினோரு மணிக்கு. மண்டபம் நிறைந்து வாசல்வரை ஜனம். முதலில் முரளி ஆடினான். ஒன்பதாவது கட்டத்தில் மூன்றாவது உயிர் போயிற்று. கூட்டம் விசில் அடித்தது. அடுத்து கவுன்சிலர், பட்டுச் சால்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துணிக்கடியில் டப்பா சூடாகிக்கொண்டிருந்தது. கிருபாவதி பக்கத்தில் நின்று, வேண்டாம் என்று ஜெபித்துக்கொண்டாள். எது வேண்டாம் என்று அவளுக்கே தெளிவில்லை.

நாலு கட்டம் கவுன்சிலர் அழகாகப் போனார். வௌவால்கள் அவர்மேல் மோதிப் பறந்தன. ஐந்தாவது கட்டத்தில் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு குழி. சட்டித்தலையன் அதற்குள் இறங்கினான். சாகவில்லை. குழி அவனைத் தாங்கிக்கொண்டது. ஆனால் ஏறவும் முடியவில்லை; குதித்தால் சட்டி மட்டும் வெளியே தெரியும், மறுபடி உள்ளே போய்விடும். டொய்ங், டொய்ங், டொய்ங்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் கவுன்சிலரின் மச்சான். அவர் சமாளிக்க வேண்டி, "மன கவுன்சிலர்காரு இங்கா பிரதிகே உன்னாரு!" என்று முழங்கினார். நம்ம கவுன்சிலர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்! கூட்டம் கைதட்டியது. இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் அவர் அதையே அறிவித்தார். வாசலில் நின்ற ஒருத்தர், "மூணு எலெக்‌ஷனா இதத்தான சொல்லிக்கினு இருக்காங்க" என்றார்.

கவுன்சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு கிருபாவதி பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, இத்த இப்ப சாவடிக்க முடியுமா?"

"முடியாது சார். அதுக்குத்தான இத்த போட்டோம்."

"நிறுத்திடேன்."

"நிறுத்துனா நீங்க தோத்தமாதிரி ஆயிடும் சார்."

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் தொழிலதிபர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் கரண்டு போயிற்று. சித்தூரில் மின்வெட்டுக்கு அவ்வளவு பெரிய கைதட்டல் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. உயிரை விடாமல் அதிக நேரம் ஆடியவர் என்ற முறையில் கவுன்சிலருக்கே மாலை போட்டார்கள். முரளிக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி. தொழிலதிபர் ஃபேக்டரியை வேறு ஜில்லாவில் கட்டினார்.

டப்பாவின் கதை அதோடு முடிந்தது என்று கிருபாவதி நினைத்தாள். மறுநாள் காலை பூத் திறக்கும் முன்பே பதினாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். குழியில் மாட்டியதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. "கவுன்சிலர் சாவலையே! அதான பேச்சு" என்றார்கள். டப்பா தங்களுக்கே சொந்தமாக வேண்டும் என்றார்கள். ஒருத்தி, மகன் பேசும்போது லைன் அறுந்துபோகாமல் இருக்க இதைப் போனில் செருக முடியுமா என்று கேட்டாள். ஒரு லெக்சரர் இன்ஜினீயரிங் சேர எழுதும் எம்செட் பரீட்சைக்குக் கோடு உண்டா என்றார். "இல்லீங்க" என்று கிருபாவதி சொல்லச் சொல்ல, 'தெரிந்தும் மறைக்கிறாள்' என்று பேச்சு பரவியது.

இந்த இடத்தில்தான் எத்திராஜ் வந்து சேர்ந்தான். சித்தூர் பக்கத்துக் குடிபாலாவைச் சேர்ந்தவன், வீட்டில் நிலமில்லை, சென்னையில் ரேடியோ ஸ்பேர் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். திருப்பதியில், மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் ரோட்டில் தள்ளுவண்டி போட்டான். கறுப்பு டப்பா, எட்டெழுத்துக் கோடு அச்சடித்த தாள், பத்துக்குப் பத்து உத்தரவாதம். மலையேறப் போகிறவர்கள் வாங்கினார்கள். இறங்கி வருகிறவர்களும் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் சித்தூர் முழுக்க எத்திராஜ் டப்பா. கிருபாவதியிடம் வந்தே, "அந்த டப்பா மாதிரி உன்னுது இல்லியே" என்றார்கள்.

அவள் ஒன்றை வாங்கி ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராகப் போகும் ஒயர்கள். காதில் ஓதுகிற சில்லு ஒன்றுகூட இல்லை. எடைக்காக ஓர் உடைந்த ஓட்டுத்துண்டு ஒட்டியிருந்தது. அன்றைக்கே அவள் திருப்பதி பஸ் ஏறினாள்.

எத்திராஜ் அவளைப் பார்த்ததும் வண்டியிலிருந்து குதித்து இறங்கி ஸ்டூல் போட்டான்.

"வாங்க்கா! உங்களாலதான் நான் துன்றேன். கலர் சோடா சொல்லட்டா?"

"உள்ள ஓட்டுச்சில்லு வெச்சிருக்கியே, எத்திராஜு."

"ஆமாக்கா. முன்ன கல்லு வெச்சேன். ஆடிக்கினே இருந்துச்சி."

அவன் கொஞ்சமாவது மழுப்புவான் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள்.

"இது வேலை செய்யாதேப்பா."

"உங்களுது பத்துக்கு ஏழு தடவ வேலை செய்யும். மூணு தடவ செய்யாது. அந்த மூணு தடவ யார திட்றாங்க? உங்கள. என்னுது ஒருநாளும் வேலை செய்யாது, அதனால ஒருநாளும் ரிப்பேர் ஆவாது. சூடாவாது. கரண்டு கொறஞ்சாலும் பிரச்னை இல்ல. ஆளு செத்தா, கோடு தப்பா அடிச்சிட்டோம்னு அவங்களே மறுபடி அடிக்கிறாங்க. இதுவரைக்கும் ஒருத்தர் திருப்பிக் குடுத்தது கெடையாது." அவன் குரலில் கள்ளமே இல்லை. "நீங்களே சொல்லுங்க்கா, எது நம்பகமானது?"

பக்கத்தில் நின்று டப்பா வாங்கிக்கொண்டிருந்த மனுஷரிடம் கிருபாவதி திரும்பினாள். "ஐயா, இதுக்குள்ள ஒண்ணும் இல்ல." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சித்தூர்ல டப்பா வெச்சிருக்கிற அம்மாதானே?" என்று கேட்டுவிட்டு இரண்டாக வாங்கிக்கொண்டு போனார்.

"கோவிச்சிக்காதீங்க்கா. கோடு தாள் அச்சடிக்கிறவன் நெறைய தப்பு விடறான். நீங்க அடிச்சிக் குடுத்தா பாதி பங்கு தரேன்" என்றான் எத்திராஜ்.

"வேலையே செய்யாத டப்பாவுக்குக் கோடு சரியா இருந்தா இன்னா, தப்பா இருந்தா இன்னா?"

"ஜனங்க நம்பிக்கையா அடிக்கிறாங்கக்கா. அவங்களுக்குத் தப்பான கோடு குடுக்கறது பாவம் இல்லியா?"

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை. அவன் சொன்ன கணக்கில் பிழை எங்கே என்று தேடிக்கொண்டே வந்தாள். பூதலப்பட்டு தாண்டும்வரை பிழை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி பூத்தில் மாட்டினாள்: 'இந்த டப்பா பத்துக்கு ஏழு முறை வேலை செய்யும்.' அதற்குப் பிறகு இருந்த கூட்டமும் போயிற்று. வேலூர் பஸ்ஸை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்த முரளி மட்டும் அட்டையை நின்று வாசித்தான். "எங்க டெப்போ வண்டிக்குப் பத்துக்கு ஏழுன்னுகூட எழுத முடியாது" என்றான். அவன் பாட்டுக்கு மூன்று உயிரோடு ஆடிவிட்டுப் போனான். பல வருஷம் அப்படி வந்து போனான்.

தொண்ணூற்று ஒன்பதில் ஒரு மழைக்காலத்தில் டப்பாவுக்குள் எறும்பு கூடு கட்டி, சாவாவரம் செத்தது. அதற்குள் இன்டர்நெட் சென்டர்கள் வந்துவிட்டன. பிறகு எல்லார் பையிலும் செல்போன் வந்தது, மஞ்சள் போர்டு இறங்கியது. எத்திராஜ் திருப்பதியில் நாலு மாடிக் கட்டிடத்தில் வெளிநாட்டு வேலைக்கான இன்டர்வியூ பயிற்சி நிலையம் நடத்துகிறான் என்றும், அதிலும் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை என்றும் கிருபாவதி கேள்விப்பட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், நாற்பத்தொரு வயதில், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் செல்போன் சார்ஜர் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சூலூர்பேட்டையில் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். முதலில் செக்கிங்கில் போட்டார்கள். பத்து சார்ஜரில் மூன்றை ஒதுக்கி வைத்தாள். சூப்பர்வைசர் வந்து, "இந்த வேகத்துல ஒதுக்கினா லாரி காலியாப் போகும்மா" என்றார். "போகட்டும் சார், மூணும் சூடாவுது" என்றாள். இரண்டே வாரத்தில், தமிழும் தெலுங்கும் தெரியும் என்ற காரணத்தைச் சொல்லி, அவளை வாடிக்கையாளர் புகார் போனுக்கு மாற்றிவிட்டார்கள்.

"சார்ஜ் ஏறலைங்க, எப்போ சரியாகும்?" என்று கேட்பார்கள்.

"அது சரியாவாதுங்க."

"சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனா?"

"பஸ் காசு தண்டம். அவங்ககிட்ட மாத்துறதுக்கு ஸ்டாக் இல்ல. அடுத்த மாசம் வரும்னு சொல்லுவாங்க. வராது."

 பெரும்பாலானவர்கள், "நல்ல வேளை சொன்னீங்க" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிடவில்லை. ஒருத்தரே பதினைந்து தடவை கூப்பிடுகிற ஊரில், ஒரே தடவையோடு ஆட்கள் நின்றுபோனார்கள். வருஷக் கடைசியில் மேனேஜர் கணக்கெடுத்தபோது புகார் பாதியாகக் குறைந்திருந்தது. கம்பெனி ஆண்டு விழாவில் சிறந்த ஊழியர் என்று கிருபாவதியை மேடைக்குக் கூப்பிட்டு, பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவள் மைக்கைப் பிடித்தாள். "சார்ஜர்ல கொற ஒண்ணும் கொறையல சார். போன் பண்றதுதான் கொறைஞ்சிது" என்றாள்.

எவ்வளவு தன்னடக்கம் என்று மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். மண்டபமே எழுந்து கைதட்டியது. புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் போனில் எப்படிப் பேசுவது என்று இனி கிருபாவதிதான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை முதல் வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கிருபாவதி வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பரிசுக் கடிகாரம் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, பாடத்தை ஆரம்பித்தாள்.